எம்83-இன் உலோகச்செறிவை இளம் விண்மீன் கொத்துகளில் இருந்து எடுப்பது எப்படி?

அருந்ததி:
எம்83 கேலக்ஸியில் உள்ள இளம் விண்மீன் கொத்துகள் சிலவற்றின் எக்ஸ்-ஷூட்டர் (விஎல்டி தொலைநோக்கியின் நிறமாலைக் கருவி) நிறமாலைகளை ஈஎஸ்ஓ (ஐரோப்பிய தெற்கு வான்காணகம்) ஆவணத்தில் இருந்து இறக்கி வைத்திருக்கிறேன். மையத்தில் இருந்து விளிம்பு வரை உலோகச்செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். எச்-டூ மண்டலங்களை (இளம் விண்மீன்கள் அயனியாக்கிய வாயு மேகங்களை) வைத்து இதைப் பலர் செய்திருக்கிறார்கள். கொத்துகளை வைத்துச் செய்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? ஒரு கொத்தின் ஒளி ஆயிரக்கணக்கான விண்மீன்களின் கலவை. அதில் இருந்து இரும்பு இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? எந்த வயது, எந்த நிறை உள்ளவற்றை எடுக்கலாம்?

நிறமாலை நாதன்:
முதல் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

எச்-டூ மண்டலத்தில் நாம் அளப்பது வாயுவின் ஒளிர்கோடுகளை. அதில் இருந்து ஆக்சிஜன் அளவுக்குப் போக வேண்டுமானால் எலக்ட்ரான் வெப்பநிலை தெரிய வேண்டும். அதற்கு ஆக்சிஜனின் 4363 ஆங்ஸ்ட்ராம் கோடு வேண்டும். உலோகம் கூடக் கூட வாயு ஆக்சிஜனின் 52, 88 மைக்ரான் அகச்சிவப்புக் கோடுகள் வழியாக ஆறிவிடுவதால், எம்83 மாதிரியான கேலக்ஸியின் உட்பகுதியில் 4363 இரைச்சலுக்குள் காணாமல் போகும். நைட்ரஜனின் 5755, கந்தகத்தின் 6312 கோடுகளை வைத்துச் சமாளிக்கலாம், அவையும் அங்கே மங்கல்தான். அதனால் பெரும்பாலோர் வலிமையான கோடுகளின் விகிதங்களை வைத்து ஓர் அளவுத்திருத்தச் சூத்திரத்தில் போட்டு விடையை எடுக்கிறார்கள். எந்தச் சூத்திரம் என்பதைப் பொறுத்து அதே கேலக்ஸிக்கு 0.7 டெக்ஸ் வரை வேறுபட்ட விடை வரும் என்று கியூலியும் எலிசனும் 2008-இல் காட்டினார்கள். டெக்ஸ் என்பது பத்தடி மடக்கை அளவு, 0.7 டெக்ஸ் என்றால் ஐந்து மடங்கு. சூரியனில் பாதி என்று ஒரு சூத்திரம் சொல்லும், இரண்டு மடங்குக்கு மேல் என்று இன்னொன்று சொல்லும்.

கொத்தில் நாம் பார்ப்பது விண்மீன்களின் ஒளிமண்டலத்தில் உருவாகும் உறிஞ்சுகோடுகள். அந்தச் சூத்திரங்களின் பிழை இங்கே வராது. (இங்கே வேறு பிழைகள் உண்டு, அவற்றைக் கீழே பேசுவோம்.) இரண்டாவது லாபம் இரும்பு. வாயுவில் இரும்பின் பெரும்பகுதி தூசியில் ஒளிந்துகொள்வதால் எச்-டூ மண்டலம் நமக்கு நம்பகமான இரும்பு அளவைத் தராது. கொத்து தரும்.

மூன்றாவது வெளிச்சம். எம்83 சுமார் 4.9 மெகாபார்செக் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நீல சூப்பர்ஜயன்ட் (சூடான பெருவிண்மீன்) வி (பச்சை-மஞ்சள்) வடிகட்டியில் 20-21 பருமன்தான் (எண் கூடினால் மங்கல்). லட்சம் சூரிய நிறையும் 15 மில்லியன் ஆண்டு வயதும் உள்ள ஒரு கொத்து 17.5 பக்கம் வரும். பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளி.

கார்த்திகைக்கொத்து:
வயது, நிறை பற்றி நான் சொல்கிறேன். ஹப்பிள் படங்களில் இருந்து செய்த பட்டியலில் எம்83 கொத்துகளுக்குப் பல வடிகட்டிப் பருமன்களும் அவற்றில் இருந்து கணித்த வயது, நிறை, தூசி மறைப்பும் இருக்கின்றன. அதைத் தொடக்கமாக எடுங்கள், ஆனால் வயதை அப்படியே நம்பாதீர்கள். தூசி மறைப்பு கூடினாலும் நிறம் சிவக்கும், ரெட் சூப்பர்ஜயன்ட்கள் (முதிர்ந்து ஊதிக் குளிர்ந்த பெருவிண்மீன்கள்) வந்தாலும் சிவக்கும். 5 மில்லியன் ஆண்டு தூசி மூடிய கொத்தும் 12 மில்லியன் ஆண்டு தெளிந்த கொத்தும் படத்தில் ஒரே நிறத்தில் நிற்கும். உங்கள் கையில் நிறமாலை இருப்பதால் இதை உடைப்பது எளிது. 8498, 8542, 8662 கால்சியம் மும்மைக் கோடுகள் ஆழமாகவும், 2.29 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு பட்டை விளிம்பு தெளிவாகவும் இருந்தால் ரெட் சூப்பர்ஜயன்ட் வந்துவிட்டது, வயது 7 மில்லியன் ஆண்டைத் தாண்டிவிட்டது. எச்-ஆல்ஃபா கொத்தின் மேலேயே பலமாக ஒளிர்ந்து அந்தப் பட்டை இல்லாமல் இருந்தால் அது இளையது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் வேலை செய்ய 8 முதல் 50 மில்லியன் ஆண்டு வரை வசதி. அதற்கும் குறைந்தால் ஓ, பி வகை சூடான விண்மீன்கள் மட்டுமே ஒளி தரும். அவற்றில் உலோகக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மிக மெலிது.

நிறைக்கு என் கீழ்வரம்பு ஒரு லட்சம் சூரிய நிறை. அதற்குக் கீழே போனால் எண்ணிக்கைச் சிக்கல் வந்துவிடும். நம் பால்வெளியில் இருப்பதையே பாருங்கள். ஆர்எஸ்ஜிசி1 கொத்து சுமார் 30 ஆயிரம் சூரிய நிறை, அதில் 14 ரெட் சூப்பர்ஜயன்ட்கள். ஆர்எஸ்ஜிசி2 சுமார் 40 ஆயிரம், அதில் 26. நிறை மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பு. வயது வேறுபாடு ஒரு காரணம், தற்செயல் இன்னொரு காரணம். 14-இன் வர்க்கமூலம் 3.7, அதாவது 27 சதவீத ஏற்ற இறக்கம் தற்செயலிலேயே வரும். மாதிரியில் வழவழப்பான சராசரி எண்ணிக்கையைப் போட்டுவிட்டு நிஜத்தில் 27 சதவீதம் கூடுதல் ரெட் சூப்பர்ஜயன்ட் இருந்தால், நிரல் அந்தக் கூடுதல் கோட்டு ஆழத்தை உலோகத்தின் கணக்கில் எழுதிவிடும்.

அகச்சிவப்பு:
இந்தச் சிக்கலில் பாதியை ஜே பட்டைக்கு (1.2 மைக்ரான் பக்கத்து அகச்சிவப்புக்கு) போனால் தவிர்க்கலாம். 7-8 மில்லியன் ஆண்டில் ரெட் சூப்பர்ஜயன்ட்கள் வந்ததும் கொத்தின் அகச்சிவப்பு ஒளி திடீரென்று ஏறும். அப்போது ஜே பட்டை ஒளியில் சுமார் 95 சதவீதம் அவற்றிடம் இருந்து மட்டுமே வருகிறது. அவற்றின் வெப்பநிலையும் குறுகிய வரம்பில்தான், சுமார் 3800 முதல் 4200 கெல்வின் வரை. ஆகவே முழுக் கொத்தையும் ஒரே ஒரு சராசரி ரெட் சூப்பர்ஜயன்ட் என்று வைத்துப் பொருத்தினாலே போதும். எண்ணிக்கை 14-ஆ 26-ஆ என்பது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் எத்தனை இருந்தாலும் கோடுகளின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றே.

வேண்டிய கோடுகள் எல்லாம் 1.18 முதல் 1.21 மைக்ரானுக்குள் நெருங்கி நிற்கின்றன. மக்னீசியம் 1.183, 1.208. இரும்பு 1.189 பக்கம் இரண்டு, 1.197-இல் ஒன்று. டைட்டேனியம் 1.189, 1.195. சிலிக்கான் 1.198, 1.199, 1.203, 1.210. பிரிதிறன் (அலைநீளம் ÷ பிரிக்கக்கூடிய மிகச்சிறு அகலம்) 3000 இருந்தாலே இவற்றைப் பிரித்துவிடலாம். ஆனால் சிக்னல்-இரைச்சல் விகிதம் 100 வேண்டும். 40-இல் இருக்கும் நிறமாலையை 100-க்குக் கொண்டுபோக ஆறேகால் மடங்கு நேரம் வேண்டும்.

காசக் குழு 2014-இல் இந்த முறையில் எம்83-இல் ஒரு கொத்துக்கு சூரிய அளவுக்கு மேல் 0.28 டெக்ஸ் (பிழை 0.14) என்றும், என்ஜிசி 6946-இல் ஒரு கொத்துக்கு −0.32 (பிழை 0.20) என்றும் எடுத்தது. 2015-இல் லார்டோ குழு கேமாஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் ஆன்டெனா கேலக்ஸிகளின் மூன்று பெருங்கொத்துகளுக்குச் செய்தது, விடை சூரிய அளவுக்குச் சற்று மேல். அது 20 மெகாபார்செக்குக்கும் அப்பால். அவ்வளவு தூரத்துக்கு விண்மீன் ஒளிமண்டலத்தில் இருந்தே உலோகச்செறிவை எடுத்துவிட முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

நிறமாலை நாதன்:
@அகச்சிவப்பு, முறை நல்ல முறை, ஆனால் ஜே பட்டை தருவது எது என்பதை அருந்ததி தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே மக்னீசியம், சிலிக்கான், டைட்டேனியம், இரும்பு நான்கையும் சூரிய விகிதத்தில் கட்டிவைத்து ஒரே எண்ணாக ஏற்றி இறக்குகிறீர்கள். அதை இரும்பு என்று எழுதக் கூடாது, ஆக்சிஜன் என்றும் எழுதக் கூடாது. ஆல்ஃபா தனிமங்களுக்கும் (ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கான் போன்றவை) இரும்புக்கும் உள்ள விகிதம் சூரியனைவிட மாறியிருக்கும் இடத்தில் அந்த எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

தனித்தனித் தனிமம் வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியும் பகுதியையும் சேர்த்து முழு நிறமாலைப் பொருத்தம் செய்யுங்கள். லார்சன் 2006-இல் என்ஜிசி 6946-இன் பெருங்கொத்து 1447-க்கு இரும்பு −0.45 (பிழை 0.08), ஆல்ஃபா/இரும்பு +0.22 (பிழை 0.11) என்று எடுத்தார். 2008-இல் என்ஜிசி 1569-பி கொத்துக்கு இரும்பு −0.63, ஆல்ஃபா/இரும்பு +0.31. இரண்டிலும் ஆல்ஃபா கூடுதல். ஒற்றை எண் முறையில் இந்தச் செய்தியே தெரியாமல் போகும்.

அருந்ததி:
முழு நிறமாலைப் பொருத்தத்தில் படிகள் என்ன? மாதிரி நிறமாலையை எப்படிக் கட்டுவது?

நிறமாலை நாதன்:
வரிசையாகச் சொல்கிறேன்.

கொத்தின் வயதுக்கும் உத்தேச உலோகச்செறிவுக்கும் ஒரு சமவயதுக்கோட்டை (ஒரே வயதில் வெவ்வேறு நிறையுள்ள விண்மீன்களின் வெப்பநிலையையும் ஒளியையும் தரும் கோட்பாட்டுக் கோட்டை) எடுங்கள், பார்செக் என்ற பெயரில் வெளியான கோடுகள் போதும். க்ரூபா நிறைப்பரவலை (எந்த நிறையில் எத்தனை விண்மீன் பிறக்கும் என்ற கணக்கை) வைத்து அந்தக் கோட்டைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை விண்மீன், அவற்றின் வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, ஆரம் என்ன என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். வெட்டும்போது நிறையைச் சம இடைவெளியில் வெட்டாதீர்கள். முதன்மைத் தொடரின் கீழ்ப்பகுதிக்கு நூறு துண்டு போய், சூப்பர்ஜயன்ட் பகுதிக்கு மூன்று துண்டு மிஞ்சும். ஒளிப்பங்கு சமமாக வரும்படி வெட்டுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வளிமண்டல மாதிரி. சூடானவற்றுக்கு அட்லஸ்9, சுமார் 5000 கெல்வினுக்குக் கீழே மார்க்ஸ். ரெட் சூப்பர்ஜயன்ட்களுக்கு மார்க்ஸில் கோள வடிவ மாதிரிகள் இருக்கின்றன, அவற்றையே எடுங்கள், தட்டை மாதிரி வேண்டாம். பிறகு சின்த், டர்போஸ்பெக்ட்ரம் போன்ற நிரல்களில் உயர் பிரிதிறனில் நிறமாலை உருவாக்கி, ஆர வர்க்கத்தாலும் எண்ணிக்கையாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

கூட்டிய நிறமாலையை உங்கள் தரவின் அகலத்துக்கு மங்கலாக்க வேண்டும். இதில் கணக்கைக் கவனியுங்கள். பிரிதிறன் 10,000 என்றால் பாதி உயர அகலம் 30 கி.மீ./நொடி, சிக்மாவில் (திட்டவிலக்கத்தில், அந்த அகலம் ÷ 2.35) 12.7. கொத்துக்குள் விண்மீன்களின் திசைவேகச் சிதறல் 8 என்றால் வர்க்கக் கூட்டில் 15.0 வரும். அதாவது கருவியின் பிரிதிறனை 10 சதவீதம் தவறாக எடுத்தாலே சிதறலின் மதிப்பு கணிசமாக நகரும். நகர்ந்தால் கோட்டின் ஆழம் மாறும், கூடவே உலோகமும் மாறும். ஆகவே பிரிதிறனைக் கையேட்டில் இருந்து எடுக்காமல், அதே இரவின் அளவுத்திருத்த விளக்குக் கோடுகளில் இருந்து கருவியின் ஒவ்வொரு கைக்கும் (நீலம், சிவப்பு, அகச்சிவப்பு என ஒவ்வோர் அலைநீளப் பகுதியையும் தனியாக எடுக்கும் பிரிவுக்கும்) தனியாக அளந்துகொள்ளுங்கள். நட்சத்திரக் குவிவு ஸ்லிட்டைவிட, அதாவது ஒளி நுழையும் பிளவைவிட, கூர்மையாக இருந்த இரவில் உண்மைப் பிரிதிறன் விளக்கு காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடும். வளிமண்டலக் கோடுகளின் அகலத்தில் அது தெரிந்துவிடும்.

பொருத்தும்போது முதலில் 200 ஆங்ஸ்ட்ராம் சாளரங்களில் திசைவேகம், சிதறல், மொத்த உலோகம் மட்டும். அவை நிலைத்தபின் இரும்பு. கோடுகள் அதிகமுள்ள தனிமம் அதுதான், அதைப் பிடித்துவிட்டால் மற்றவற்றின் பின்னணி ஒழுங்காகிவிடும். அதன்பிறகு மக்னீசியம், சிலிக்கான், கால்சியம், டைட்டேனியம், குரோமியம், நிக்கல் ஒவ்வொன்றுக்கும் குறுகிய சாளரங்கள். கார்பன், நைட்ரஜன் அளவுகளைக் கேலக்ஸியின் வேதியியலாக எழுதாதீர்கள். சூப்பர்ஜயன்ட்களில் உட்புறப் பொருள் மேலே கலந்து கார்பன் குறைந்து நைட்ரஜன் ஏறியிருக்கும். ஆனால் மாதிரியில் அந்த மாற்றத்தைச் சேர்க்காமலும் விடாதீர்கள், சயனோஜன் கோடுகள் தொடர்ஒளியின் (கோடுகள் இல்லாத அடிப்படை ஒளியின்) மட்டத்தையே நகர்த்தும்.

தொடர்ஒளியைச் சமன்படுத்த 200 ஆங்ஸ்ட்ராம் சாளரத்துக்கு மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவைக்கு மேல் போக வேண்டாம். அதிக வளைவு கொடுத்தால், நெருங்கிக் கலந்த இரும்புக் கோடுகள் ஏற்படுத்தும் அகலமான பள்ளத்தை அது தொடர்ஒளி என்று எடுத்துக்கொண்டு நிரப்பிவிடும். இரும்பு குறைந்து வரும். பிழைக்கோடு மட்டும் அழகாகச் சிறியதாக இருக்கும்.

செவ்வானம்:
இதற்கு முன் தரவைச் சுத்தம் செய்ய வேண்டுமே, அதை யாரும் சொல்லவில்லை. எக்ஸ்-ஷூட்டர் ஸ்லிட் 11 விநாடிக்கோண நீளம்தான். எம்83 தூரத்தில் அது சுமார் 260 பார்செக். கொத்தை ஸ்லிட்டுக்குள்ளேயே ஏ, பி என்ற இரு நிலைகளுக்கு நகர்த்தி, ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்த தரவு என்றால் இரண்டு நிலைகளும் சுருள்கரத்தின் மேலேதான் நிற்கின்றன. வானம் கழிந்துவிடும். கேலக்ஸியின் பின்னணி கழியாது, ஏனென்றால் அது இரு நிலைகளிலும் ஒன்றாக இருக்காது. எச்-ஆல்ஃபா பக்கம் கழித்தபின் எதிர்மறைப் பள்ளம் தெரிந்தால் இதுதான் காரணம். கண்காணிப்பில் தனி வானப் புள்ளி எடுத்திருக்கிறார்களா என்று தலைப்புத் தகவலில் பாருங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஹப்பிள் படத்தின் மேல் ஸ்லிட்டை வரைந்து பாருங்கள். 0.8 விநாடிக்கோண ஸ்லிட் அகலம் 19 பார்செக். கொத்தின் ஒளி ஆரம் 3 பார்செக்தான். மிச்ச இடத்தில் பக்கத்துக் கொத்தோ தனி சூப்பர்ஜயன்ட்டோ நின்றால் ஒளி கலக்கும். இலக்கைவிட 3 பருமன் மங்கலான அண்டை என்றாலும் 6 சதவீத ஒளி.

மறைக்க வேண்டிய பகுதிகள்: 6860-6920, 7590-7700 ஆக்சிஜன் பட்டைகள், 7160-7340, 8100-8350, 9300-9600 நீராவி, சோடியம் 5890, 5896 இரண்டும், கால்சியம் எச், கே கோடுகளும் (விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு சேர்ந்து ஆழப்படுத்தியிருக்கும்), பாமர் கோடுகளின் மையங்கள், நீலக் கையும் சிவப்புக் கையும் சேரும் 5560 ஆங்ஸ்ட்ராம் பக்கம். அங்கே இருநிறப் பிரிப்பான் ஏற்படுத்தும் அலைவு கோடு மாதிரியே தெரியும்.

கைகளுக்கு இடையே சில கி.மீ./நொடி அலைநீளப் பிசகு வரலாம். சிவப்புக் கையை 6870 ஆக்சிஜன் பட்டையை வைத்துச் சரிபாருங்கள்.

அருந்ததி:
ஜே பட்டையில் 1.197 இரும்புக் கோடு எனக்கு அந்த இடத்தில் இல்லவே இல்லை. 1.199-இல் ஏதோ ஒன்று தெரிகிறது. சிலிக்கான் என்று நினைத்தேன்.

அகச்சிவப்பு:
அதுதான் உங்கள் இரும்பு. எம்83 நம்மைவிட்டு நொடிக்குச் சுமார் 513 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. 1.1974-ஐ 1.0017-ஆல் பெருக்கினால் 1.1994. கேலக்ஸியின் சுழற்சியால் இன்னும் கொஞ்சம் முன்பின் நகரும். சிலிக்கான் 1.1992 உங்கள் தரவில் 1.201-க்குப் போயிருக்கும். முதலில் 2.29 பட்டை விளிம்பிலோ கால்சியம் மும்மையிலோ திசைவேகத்தைப் பிடித்து, நிறமாலையை ஓய்வு அலைநீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு கோடுகளுக்குப் பெயர் வையுங்கள்.

ஆனால் வளிமண்டலத் திருத்தம் நகர்த்தும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மோல்க்ஃபிட் நிரலில் செய்யலாம், அல்லது பி வகை, ஏ0 வகை ஒப்பீட்டு விண்மீனால் வகுக்கலாம். ஒப்பீட்டு விண்மீனின் காற்றுத்தடிமன் (ஒளி கடந்துவரும் வளிமண்டலத்தின் அளவு) இலக்கில் இருந்து 0.1-க்கு மேல் விலகாமல் இருக்கட்டும். ஏ0 விண்மீனை எடுத்தால் 1.282 மைக்ரானில் பாஷன் பீட்டா கோட்டை அதில் இருந்து நீக்கிய பின்தான் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்தில் இல்லாத ஒளிர்கோடு முளைக்கும்.

இன்னொன்று. டைட்டேனியம், சிலிக்கான், மக்னீசியம், இரும்பு நான்குக்கும் வெப்பச் சமநிலை விலகல் திருத்தம் (அணுக்கள் உள்ளூர் வெப்பச் சமநிலையில் இல்லாததற்கான கணக்கு) பெர்கமன் குழு 2012 முதல் 2015 வரை வெளியிட்டவற்றில் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் செய்தால் டைட்டேனியம் ஒரு பக்கம், சிலிக்கான் ஒரு பக்கம் இழுக்கும். நுண்கொந்தளிப்பு வேகத்தை (ஒளிமண்டல வாயுவின் சிறு அளவுச் சலனத்தை) 3-4 கி.மீ./நொடியில் வையுங்கள், முடிந்தால் அதையும் பொருத்தத்திலேயே விடுங்கள். இவை வலிமையான கோடுகள். வேகத்தை ஒரு கி.மீ. மாற்றினாலே விடை 0.1 டெக்ஸுக்கு மேல் நகரும்.

கார்த்திகைக்கொத்து:
@நிறமாலை நாதன், சமவயதுக்கோட்டை எடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். முழு முறையிலும் பலவீனமான இடம் அதுதான். இந்த வயதில் நீல சூப்பர்ஜயன்ட் எத்தனை, ரெட் சூப்பர்ஜயன்ட் எத்தனை என்பதைக் கோட்பாட்டுக் கோடுகள் சரியாகச் சொல்வதில்லை. லார்சன் குழு 2011-இல் என்ஜிசி 1313, 1569, 1705, 7793, எம்83 ஆகியவற்றின் ஏழு இளம் கொத்துகளின் விளிம்பில் தனித்தனி விண்மீன்களைப் பிரித்துப் பார்த்தபோதே இந்த வேறுபாடு தெரிந்தது. வெப்பச்சலனம், சுழற்சி, நிறையிழப்பு எல்லாம் இந்த விகிதத்தை ஆட்டுகின்றன.

4500 ஆங்ஸ்ட்ராமில் ஒளியின் பெரும்பகுதி நீல, சூடான விண்மீன்களில் இருந்து வருகிறது, உலோகக் கோடுகளோ பெரும்பாலும் ரெட் சூப்பர்ஜயன்ட்களில் இருந்து. நீலம் கூடினால் அது கோடுகள் இல்லாத ஒளியை ஊற்றிச் சிவப்பின் கோடுகளை ஆழம் குறைக்கும். கெட்டி மோரில் தண்ணீர் விட்ட மாதிரி. நிரலுக்கு இது உலோகக் குறைவாகத் தெரியும்.

நிறமாலை நாதன்:
உண்மை. அதனால்தான் அந்த விகிதத்தையும் அளக்க வேண்டும், கோட்டில் இருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது. வழி இருக்கிறது. அருந்ததியிடம் 3000 முதல் 24,800 ஆங்ஸ்ட்ராம் வரை ஒரே நேரத்தில் எடுத்த நிறமாலை இருக்கிறதே. 4500, 6200, 8600, 12,000 ஆகிய இடங்களில் தனித்தனியாக இரும்பை எடுங்கள். விகிதம் சரியாக இருந்தால் நான்கும் பிழைக்குள் ஒன்றாக வரும். மாதிரியில் சிவப்பு குறைவாக இருந்தால் கணித்த கோடுகள் எல்லா இடத்திலும் ஆழம் குறையும், அதை ஈடுகட்ட நிரல் இரும்பை ஏற்றும். ஆனால் 4500-இல் அதிகம் ஏற்றும், 12,000-இல் கொஞ்சம்தான் ஏற்றும், ஏனென்றால் அங்கே எப்படியும் சிவப்புதான். ஆகவே அலைநீளம் கூடக் கூட இரும்பு சரிந்துகொண்டே போனால் சிவப்பு போதவில்லை, ஏறிக்கொண்டே போனால் சிவப்பு அதிகம். சிவப்பு எண்ணிக்கையை 0.5 மடங்கு முதல் 2 மடங்கு வரை மாற்றி, சரிவு பூஜ்யமாகும் மதிப்பைப் பிடியுங்கள். ஜே பட்டை முறையையும் முழுப் பொருத்தத்தையும் போட்டியாக வைக்காமல் இப்படிச் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

இதற்குச் சாய்வைக் கெடுக்கும் வேறு காரணங்கள் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். 4500-இல் பின்னணிக் கழிப்பு, 12,000-இல் வளிமண்டலத் திருத்தம், இரண்டும் சாய்வை உண்டாக்கக்கூடியவை.

அகச்சிவப்பு:
ஒப்புக்கொள்கிறேன். டைட்டேனியம் ஆக்சைடு பட்டை 7054-இல் எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பின் வெப்பநிலையும் எண்ணிக்கையும் ஒன்றையொன்று மறைக்கும்போது அந்தப் பட்டை வெப்பநிலையைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் அந்தப் பட்டையில் இருந்து எடுக்கும் வெப்பநிலை தொடர்ஒளியில் இருந்து எடுப்பதைவிடக் குறைவாகவே வரும். வளிமண்டலத்தின் வெளி அடுக்கில் உருவாகும் பட்டை அது. அதை வெப்பநிலைக்குக் கீழ்வரம்பு வைக்கவே பயன்படுத்துங்கள்.

அருந்ததி:
பிழையை எப்படி எழுதுவது? நிரல் 0.03 டெக்ஸ் என்று தருகிறது. நம்ப முடியவில்லை.

கார்த்திகைக்கொத்து:
நம்பாதது சரி. அது ஃபோட்டான் இரைச்சல் மட்டும். மூன்று வேலை செய்யுங்கள். தனிமத்துக்கு எத்தனை சாளரமோ அவற்றின் விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள், அதை √(சாளர எண்ணிக்கை − 1)-ஆல் வகுத்தால் வருவது நேர்மையான சராசரிப் பிழை. வயதை ஒரு படி மேலும் கீழும் மாற்றி எல்லாவற்றையும் மறுபடி பொருத்துங்கள். கடைசியாக, கொத்தின் நிறைக்கு ஏற்ப க்ரூபா பரவலில் இருந்து விண்மீன்களைக் குலுக்கி எடுத்து 100 போலிக் கொத்துகள் செய்து, அவற்றை வழவழப்பான மாதிரியால் பொருத்துங்கள். விடைகளின் சிதறல்தான் எண்ணிக்கைப் பிழை. பத்து லட்சம் சூரிய நிறையில் அது கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஐம்பதாயிரத்தில் மற்ற எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும்.

மூன்றையும் வர்க்கக் கூட்டில் சேர்த்தால் ஒரு கொத்துக்கு 0.1 டெக்ஸ் பக்கம் வரும். அது நல்ல அளவு.

செவ்வானம்:
0.1 டெக்ஸ் வைத்துச் சரிவை எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். எம்83-இன் 25-ஆம் பருமன் ஆரம் (பரப்பொளிர்வு சதுர விநாடிக்கோணத்துக்கு 25 பருமனாகக் குறையும் தூரம்) 6.44 கோணநிமிடம், சுமார் 9.2 கிலோபார்செக். 0.1 முதல் 0.9 ஆரம் வரை சீராகப் பரவிய 12 கொத்துகள் என்றால் தூரங்களின் திட்டவிலக்கம் 0.23. சரிவின் பிழை 0.1 ÷ (0.23 × √12), அதாவது ஆரத்துக்கு 0.125 டெக்ஸ், கிலோபார்செக்குக்கு 0.014. கிலோபார்செக்குக்கு −0.03 சரிவு உண்மையில் இருந்தால் இரண்டு சிக்மா சொச்சம்தான். அதே 12 கொத்துகளில் ஆறை உள்முனையிலும் ஆறை வெளிமுனையிலும் எடுத்தால் திட்டவிலக்கம் 0.4 ஆகி, பிழை 0.072-க்கு இறங்கும், நாலு சிக்மா. ஆனால் நடுவில் சரிவு உடைகிறதா என்பது தெரியாமல் போகும். எம்83-இல் உள்பகுதியும் வெளிப்பகுதியும் ஒரே சரிவில் இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, நடுவே ஒரு தண்டும் மையத்தில் தீவிர விண்மீன் பிறப்பும் உண்டு. அதனால் நாலைந்தையாவது நடுவிலும் வையுங்கள். கேலக்ஸி வட்டின் சாய்வு 24 பாகைதான் என்பதால் தூரத் திருத்தம் அதிகபட்சம் 9 சதவீதம், அதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அருந்ததி:
கடைசியாக இரண்டு. என் கொத்துகளின் விடையை எச்-டூ மண்டல ஆக்சிஜனோடு ஒரே படத்தில் போடலாமா? மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று கொத்துகள் 4-5 மில்லியன் ஆண்டுதான், அவற்றை விட்டுவிட வேண்டுமா?

நிறமாலை நாதன்:
ஒரே படத்தில் போடலாம், மூன்று விஷயம் எழுதிவிட்டு. சூரியப் புள்ளி எது என்று சொல்லுங்கள் (அஸ்ப்லண்ட் குழுவின் 2009 அளவில், ஹைட்ரஜன் 12 என்று வைத்த மடக்கையில், ஆக்சிஜன் 8.69, இரும்பு 7.50). வாயுவின் ஆக்சிஜனோடு தூசியில் பூட்டிய பங்குக்காக சுமார் 0.1 டெக்ஸ் கூட்டுங்கள். எந்த அளவுத்திருத்தச் சூத்திரம் என்று பெயர் சொல்லுங்கள். ப்ரெசோலின் குழு 2016-இல் எம்83-இன் நீல சூப்பர்ஜயன்ட்களை வாயுவோடு ஒப்பிட்டபோது, உலோகம் மிகுந்த உட்பகுதியில் வெப்பநிலை முறையில் எடுத்த வாயு அளவுகள் விண்மீன் அளவுகளுக்குக் கீழே நின்றன. மங்கிய கோட்டில் இருந்து வெப்பநிலை எடுக்கும் முறை உடைகிற இடம் அதுதான், கொத்துகள் மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான். உங்கள் உள்வட்டக் கொத்துகளுக்குக் கூடுதல் மதிப்பு அதனால். அவற்றுக்கு இரும்பும் மக்னீசியமும் தனித்தனியாக வந்தால் இரண்டையும் தனிப் புள்ளிகளாகப் போடுங்கள். மக்னீசியத்தை ஆக்சிஜனோடு ஒப்பிடுவது நியாயம், இரண்டும் பெரும்பாலும் ஒரே வகைச் சூப்பர்நோவாவில் இருந்து வருபவை.

செவ்வானம்:
அந்த மூன்றையும் தூக்கி எறியாதீர்கள். எக்ஸ்-ஷூட்டரில் எடுக்க முடியாது, புறஊதாவில் முடியும். ஹெர்னாண்டஸ் குழு 2019-இல் ஹப்பிளின் காஸ் என்ற புறஊதா நிறமாலைக் கருவியில் எம்83 கொத்துகளின் புறஊதா ஒளியில் இருந்தே உலோகச்செறிவு எடுத்தது, தரவு பொதுவில் இருக்கிறது. உங்கள் மூன்றும் அதில் உண்டா என்று ஆயத்தொலைவுகளை வைத்துத் தேடுங்கள். காஸ் துளை 2.5 விநாடிக்கோண விட்டம், எம்83-இல் 60 பார்செக். மையத்தில் அதற்குள் அண்டைக் கொத்து நுழைந்துவிடும், ஹப்பிள் படத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பொருத்தும்போது 1216 லைமன்-ஆல்ஃபாவை மறைக்கணும், பூமியைச் சுற்றிய ஹைட்ரஜனும் அதில் ஒளிரும். 1260, 1304, 1335, 1526 கோடுகள் வாயுவில் இருந்து வருபவை. எம்83 வேகத்தால் 1335-இல் நம் பால்வெளியின் கோடும் எம்83-இன் கோடும் 2.3 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும், இரண்டையுமே மறைக்கணும். 1400 சிலிக்கான், 1550 கார்பன் விண்மீன்காற்றுக் கோடுகளின் வடிவம் வயதுக்கும் உலோகத்துக்கும் சேர்ந்து மாறும். அவற்றை வயதுக்கு வைத்துக்கொண்டு, உலோகத்தை இடையில் இருக்கும் நெருக்கமான இரும்புக் கோட்டுக் கூட்டத்தில் இருந்து எடுங்கள்.

படத்தில் இவற்றுக்கு வேறு குறி போடுங்கள். முறையே வேறு என்பதால் மற்றக் கொத்துகளோடு 0.1 டெக்ஸ் வரை ஒட்டுமொத்த விலகல் இருக்கலாம். சரிவை இவற்றோடு ஒருமுறையும் இவை இல்லாமல் ஒருமுறையும் எடுத்து, இரண்டு எண்ணையும் அட்டவணையில் கொடுங்கள்.